ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு பக்கத்துத் தெரு கிளினிக்கில் காலைக்கு எஸ்சிடாலோபிராம் 10, ராத்திரிக்கு ஆல்பிரசோலம் 0.5 எழுதிக் கொடுத்தார்கள். காலை மாத்திரை குமட்டுகிறது, பலனும் இல்லை என்று பத்தே நாளில் அம்மா விட்டுவிட்டார். ராத்திரி மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி இன்றுவரை வாங்குகிறோம். அம்மாவுக்கு வயது 64. போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்துவிட்டார். இனி வாங்கித் தருவதில்லை என்று இருக்கிறேன். சரிதானே டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா, ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வருஷக்கணக்கில் ஆல்பிரசோலம் போட்ட உடம்பு அதற்குப் பழகியிருக்கும். சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு ஒருமுறை அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஆனால் நிறுத்த நினைத்தது நல்ல முடிவு. வயதானவர்கள் இதைப் போட்டுக்கொண்டு ராத்திரியில் எழுந்து விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் நான் அடிக்கடி பார்ப்பது. மூட்டுவலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை ஏதாவது போடுகிறாரா? இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் அந்தக் காலை மாத்திரையைப் பற்றித்தான். மனச்சோர்வுக்கான மருந்து அது. குமட்டல் முதல் வாரத்திலேயே வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இதை அன்றைக்கே யாராவது இரண்டு நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டார். ராத்திரி மாத்திரை போட்ட அன்றே தூங்க வைக்கிறது, அதனால் அதுதான் நல்ல மாத்திரை என்று தோன்றிவிடுகிறது. சில வாரத்துக்கு மேல் தொடர வேண்டிய மருந்தே இல்லை அது.

பழைய சீட்டுக்கு மருந்து கொடுத்த கடைக்காரர் செய்ததும் தப்பு. 2014 முதல் ஆல்பிரசோலம் ஹெச்1 பட்டியலில், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கண்காணிப்போடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

பழைய சீட்டு, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகள், இவற்றோடு அம்மாவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே அம்மாவே பேசட்டும். தூக்கத்தோடு பசி, அழுகை பற்றியும் சொல்லட்டும். "இருந்து என்ன செய்ய" என்று வீட்டில் எப்போதாவது சொல்லியிருந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள்; நடு ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.