வாசகர் கேள்வி பதில்: அயர்லாந்து ஜென்மிகளின் ஏக்கர் கணக்கு

அயர்லாந்தின் நிலவுடைமைக் குடும்பங்கள் நம் ஜென்மிகள் (பரம்பரை நிலக்காரர்கள்) மாதிரிதானா? – தக்கலை வாசகர்

வாரம், பாட்டம் வாங்கியதில் மாதிரிதான். நிலம் கைக்கு வந்த வழி வேறு. 17ஆம் நூற்றாண்டுப் போர்களில் தோற்றவர்களிடம் பறித்த நிலம் புதியவர்களுக்குப் பட்டயமானது. ரோஸ்காமன் கவுண்டி ஸ்ட்ரோக்ஸ்டவுனில் மகோன் குடும்பம் அந்த நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 1800இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது. 1845இல் டெனிஸ் மகோன் கைக்கு வந்தபோது ஏறத்தாழ 11,000 ஏக்கர், கூடவே மலைபோல் பாட்டப் பாக்கி. அதே வருடம் உருளைக்கிழங்கிலும் நோய் விழுந்தது.

பஞ்சத்தில் குடியானவர்களுக்கு டெனிஸ் மகோன் கப்பல் கூலி கொடுத்தாராமே, கருணையா? – குலசேகரம் வாசகி

கருணையை விட வரிக் கணக்கு பெரிது. ஏழைகள் விடுதியை நடத்த வட்டாரத்து நிலத்தின் மேல் வரி போட்டார்கள். வருட மதிப்பு 4 பவுண்டைத் தாண்டாத துண்டுகளுக்கு முழு வரியும் நிலக்காரர் தலையில். துண்டு நிலக் குடி இருந்தால் பாட்டமும் வராது, வரியும் கட்ட வேண்டும். 1847இல் இன்னொரு விதி: கால் ஏக்கருக்கு மேல், அதாவது நம் 25 சென்டுக்கு மேல், நிலம் வைத்திருந்தால் நிவாரணம் இல்லை. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்கள் ஏராளம்.

விடுதியில் வைத்துச் சோறு போடுவதை விடக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு என்று மகோனின் ஏஜென்ட் கணக்குக் காட்டினார். அந்த வருடம் 1,490 பேர் டப்ளின் வரை நடந்து, லிவர்பூல் போய், கியூபெக் கப்பல்களில் ஏறினார்கள். வெர்ஜீனியஸ் கப்பலில் 476 பேர். வழியிலேயே 158 பேர் செத்தார்கள். பட்டினி உடம்பு, நெரிசல், பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல். நவம்பர் 2 அன்று மகோன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனை நிலமும் எப்படிக் கரைந்தது? – நாகர்கோவில் வாசகர்

திருவிதாங்கூர் 1865 அரச அறிவிப்பில் பண்டாரப் பாட்ட நிலத்தைப் பாட்டக்காரருக்கே உரிமையாக்கியது. அது சர்க்கார் நிலம். அயர்லாந்தில் தனியார் நிலம், ஆகவே விலை கொடுத்தார்கள். 1903 விண்டம் சட்டப்படி அரசு நிலக்காரருக்கு மொத்தப் பணத்தோடு 12 சதவீத ஊக்கத்தொகையும் தந்தது. குடியானவர் அந்தக் கடனை வருடம் 3.25 சதவீதமாக 68½ வருடம் கட்ட வேண்டும். தவணை பழைய பாட்டத்தை விடக் குறைவு என்பதால் வாங்கினார்கள். விற்க மனமில்லாத நிலக்காரர்களை 1923 சட்டம் கட்டாயப்படுத்தியது. ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகை 1979இல் உள்ளூர் மோட்டார் நிறுவனத்துக்கு விலைபோனது. பஞ்சக் காலக் காகிதங்கள் உள்ளேயே கிடந்தன. 1994 முதல் அங்கே பஞ்ச அருங்காட்சியகம்.

அயர்லாந்தின் பழைய நிலப் பத்திரத்தில் 10 ஏக்கர், அதே நிலம் பிறகு வந்த பட்டியலில் 16 ஏக்கர். மோசடியா? – மார்த்தாண்டம் வாசகர்

பெரும்பாலும் இல்லை. பழைய குத்தகைகளில் வருவது ஐரிஷ் ஏக்கர்: 7,840 சதுர கஜம். நம் ஏக்கர் 4,840. ஆக ஒரு ஐரிஷ் ஏக்கர் சுமார் 162 சென்ட்; 10 ஏக்கர் 16.2 ஆகும். பத்திரத்தில் ‘பிளான்டேஷன் அளவு’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். வடக்கே சில இடங்களில் 6,250 சதுர கஜ கன்னிங்காம் ஏக்கரும் உண்டு. அதைக் கவனிக்காமல் பெருக்கினால் கணக்கு கெடும்.

1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் மதிப்பீட்டுப் பட்டியல் (வரிக்காக அயர்லாந்து நிலங்களை மதிப்பிட்ட பட்டியல்) நம் ஏக்கரில்தான். அதில் ‘ரூட்’ என்பது 25 சென்ட், ‘பெர்ச்’ என்பது அரை சென்டுக்குச் சற்று மேல். ஆளின் பெயரைத் தேடுவதற்கு முன் டவுன்லேண்ட் (அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவு) பெயரைப் பிடியுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள். குத்தகை கொடுத்தவர் பத்தியில் இருப்பவரே நில உரிமையாளர் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்பாட்டத்துக்கு எடுத்து உள்பாட்டத்துக்கு விட்ட இடைத்தரகராகவும் இருப்பார்.