ப்ரூன்=1 போட்டும் டிஸ்க் நிறைகிறதே, ஏன்?

கேள்வி: விண்டோஸில் பிட்காயின் கோர் (பிட்காயின் பரிவர்த்தனைப் பதிவு முழுவதையும் இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். இடம் குறைவு என்பதால் பிட்காயின்.கான்ஃப் என்ற செட்டிங் கோப்பில், பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) அழிப்பதற்கான ப்ரூன்=1 என்ற வரியை எழுதினேன். ஆனாலும் பிளாக்குகள் 200 ஜிபியைத் தாண்டிவிட்டன. நோட் (என் கணினியில் ஓடும் இந்த மென்பொருள்) என் கோப்பைப் படிக்கவே இல்லையா? கோப்பையும், நோட் தன் செயல்களைக் குறித்துவைக்கும் டீபக்.லாக்கையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படித்திருக்கிறது. நீங்கள் எழுதியதை எழுதியபடியே கேட்டும் இருக்கிறது. சிக்கலே அங்குதான்.

இந்தக் கோப்பில் பெரும்பாலான வரிகளுக்கு 1 என்றால் 'ஆன்', 0 என்றால் 'ஆஃப்'. ப்ரூன் மட்டும் வேறு ஜாதி. அதில் 0 என்றால் எதையும் அழிக்காதே. 1 என்றால் நான் கட்டளை கொடுக்கும்போது மட்டும் அழி. 550-உம் அதற்கு மேலும் என்றால் அத்தனை எம்பிக்குள் நீயே பார்த்துக்கொள். உங்கள் லாக்கில், நோட் எழுந்த இடத்திலேயே, 'ப்ரூன்பிளாக்செயின்' கட்டளையைப் பயன்படுத்தி நீங்களே அழிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நோட் உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் அதற்காகக் காத்திருக்கிறீர்கள்.

ஆக, ப்ரூன்=20000 என்று மாற்றி (வழக்கம்போல் ஆங்கிலச் சின்ன எழுத்தில்) நோடை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நோட் கோப்பைத் திரும்பிப் பார்க்காது. இப்போது லாக்கில் 20000 எம்பி இலக்கு என்ற வரி வரவேண்டும்.

வரவில்லையா? பழைய ப்ரூன்=1 வரியை அழிக்காமல் கீழே புதிய வரியைச் சேர்த்திருப்பீர்கள். ஒரே செட்டிங் இரண்டு தடவை இருந்தால் கோப்பில் முதலில் வருவதுதான் செல்லும். கட்டளை வரியில் கடைசியாக வருவது செல்லும். ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள் என்று நானும் நொந்துகொண்டதுண்டு. இன்னொன்று, விண்டோ திரையின் ஆப்ஷன்ஸில் ப்ரூனைத் தொட்டிருந்தால், புதிய பதிப்புகள் அதை செட்டிங்ஸ்.ஜேசன் என்ற தனிக் கோப்பில் எழுதிவைக்கும். அது உங்கள் கான்ஃப் கோப்பை மிஞ்சும்.

உங்களுக்கு நேராத, ஆனால் விண்டோஸில் பலருக்கு நேரும் கோளாறு: நோட்பேட் கோப்பின் பெயருக்குப் பின்னால் சத்தமில்லாமல் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடும். அப்போது 'கான்ஃபிக் ஃபைல்' என்ற லாக் வரியில் கோப்பு கிடைக்கவில்லை என்றே வரும். ஆப்ஷன்ஸில் இருக்கும் 'ஓப்பன் கான்ஃபிகரேஷன் ஃபைல்' பொத்தான் வழியாகத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. 1-க்குப் பதில் 'ட்ரூ' என்று எழுதும் பழக்கமும் வேண்டாம். நோட் அதை எண்ணாக மாற்றப் பார்த்து, முடியாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும்.

550 போதுமே, ஏன் 20000 என்பீர்கள். நோட் எப்படியும் கடைசி 288 பிளாக்குகளை வைத்திருக்கும். அது இரண்டு நாள் கணக்கு. பழைய வாலட் பேக்கப் ஒன்றைப் பிறகு ஏற்றினால், அது விட்ட இடத்துப் பிளாக்குகள் அழிந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் தாராளமாகச் சொன்னேன். இந்த எண் பிளாக் கோப்புகளுக்கு மட்டும்தான்; செலவழியாத காசுகளின் பட்டியலான செயின்ஸ்டேட் தனியாக 10 ஜிபிக்கு மேல் பிடிக்கும். எல்லாப் பரிவர்த்தனைகளுக்கும் அட்டவணை போடும் டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1 இதோடு சேராது, நோட் எழவே மறுக்கும். பின்னால் மனம் மாறி ப்ரூனை எடுத்தால், 2009-இன் முதல் பிளாக்கிலிருந்து 600 ஜிபிக்கு மேல் திரும்ப இறக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கோப்பில் ஆர்பிசி (வேறு மென்பொருள் நோடுக்குக் கட்டளை கொடுக்கும் வழி) பாஸ்வேர்டும் அப்படியே இருந்தது. வேறு மென்பொருள் எதுவும் அதை வைத்து நோடோடு பேசவில்லை என்றால் ஆர்பிசியூசர், ஆர்பிசிபாஸ்வேர்ட் இரண்டு வரிகளையும் தூக்கிவிடுங்கள்; எழும்போதெல்லாம் நோட் தானே ஒரு குக்கி கோப்பு (தற்காலிகப் பாஸ்வேர்ட் உள்ள கோப்பு) உருவாக்கிக்கொள்ளும். பேசுகிறது என்றால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், புதியதில் # குறி மட்டும் வேண்டாம்.