பாலே நடனத்தில் உடுத்தும் டூட்டூ பாவாடை எப்படி அப்படி விறைத்து நிற்கிறது? அந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

கஞ்சி போட்டு நிறுத்துகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது அடுக்குகள். எனக்குக் கொஞ்சம் தையல் தெரியும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பையும் தொடையையும் கவ்விப் பிடிக்கும் ஜட்டி போன்ற ஒரு துணிதான் அடித்தளம். தொடை ஓரத்தில் தொடங்கி, ஒரு வரிசைக்கு மேல் ஒரு வரிசையாக, நெட் துணியைச் சுருக்கம் வைத்துத் தைத்துக்கொண்டே இடுப்பு வரை போவார்கள். பத்துப் பன்னிரண்டு வரிசை வரும். அடி வரிசை விரல் அகலம்தான். மேலே போகப்போக அகலம் கூடும். குட்டையானவை நீளமானவற்றைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தும். கடைசியில் எல்லா அடுக்குகளையும் அங்கங்கே நூலால் பிணைப்பார்கள். நூலை இறுக்கினால் தட்டுபோல் நிற்கும், தளர்த்தினால் சரிந்து விழும். முழுத் தட்டையான சிலவற்றில் நடு அடுக்கு ஒன்றில் எஃகு வளையமும் கோத்திருப்பார்கள்.

அடுத்த கேள்வி, ஏன் இந்த வடிவம். அழகுக்காக என்று சொன்னால் பாதிதான் சரி. ஆடுகிறவள் கால் வேலை செய்யத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் பாவாடை மேலே ஏறியது. 1726-ல் பாரிஸ் ஓபரா அரங்குக்கு ஆட வந்த மரீ கமார்கோ, அதுவரை ஆண்கள் மட்டும் காட்டிவந்த குதிப்புகளை ஆடினார். தரையைத் தொடும் பாவாடைக்குள் அதை ஆடி என்ன பயன்? கணுக்கால் தெரிகிற அளவுக்கு உயர்த்தினார். பெரும் பரபரப்பு.

1832-ல் அதே பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’. மரீ டாக்லியோனிக்காக அவர் அப்பா பிலிப்போ அமைத்த நடனம். காற்றில் வாழும் ஒரு தேவதையாகக் கால்நுனியில் நின்று ஆடுகிறார். பாவாடையோ மெல்லிய வெள்ளைத் துணியில் அடுக்கடுக்காக, கெண்டைக்கால் பாதி வரை. மேடையில் அப்போது கேஸ் விளக்கு. அந்த மங்கல் ஒளியில் வெள்ளைத் துணி நிலவொளிபட்டதுபோல் தெரிந்திருக்கும். 1841-ல் ‘ஜிசெல்’ என்ற பாலேயில் வரும் ஆவிகளும் இதையே உடுத்தினார்கள். இன்றைக்கும் ‘ரொமான்டிக் டூட்டூ’ என்றால் இந்த நீளம்தான்.

ஆனால் அந்த விளக்குதான் எமனாகவும் வந்தது. மெல்லிய பருத்தித் துணி, பல அடுக்கு, அடுக்குகளுக்கிடையே காற்று, பக்கத்தில் திறந்த சுடர். 1844-ல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக்காரர் உடையில் தீப்பிடித்து இறந்தார். பிரான்ஸில் தீப்பிடிக்காத கரைசலில் துணியை நனைத்தே உடுத்த வேண்டும் என்று 1859-ல் ஆணையே வந்தது. நனைத்தால் துணி விறைத்து, நிறம் மங்கி அழுக்காகத் தெரியும். எம்மா லிவ்ரி அதை உடுத்த மறுத்தார். மரீ டாக்லியோனியின் பிரியமான மாணவி அவர். மரீ அவருக்காகவே 1860-ல் ‘லெ பாப்பிய்யோன்’ அமைத்தார். அதில் பட்டாம்பூச்சியாக மாறும் நாயகி தீப்பந்தத்தை நெருங்கிச் சிறகு கருகி விழுவாள். 1862 நவம்பரில் வேறொரு படைப்பின் ஒத்திகையின்போது லிவ்ரியின் பாவாடை கேஸ் சுடரில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் துடித்து, 20 வயதில் இறந்தார். எரிந்து மிஞ்சிய துணித்துண்டுகளைப் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். டூட்டூவைப் பற்றி யார் கேட்டாலும் இதைச் சொல்லாமல் என்னால் நகர முடிவதில்லை.

பிறகு இத்தாலிய நடனக்காரர்கள். 1885-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜினியா ஸூக்கி, குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவருக்குப் பின் வந்த பியரினா லென்யானி ஒற்றைக்காலில் நின்று தொடர்ந்து 32 முறை சுழன்று காட்டினார். முழங்கால் எப்படி மடிந்து விரிகிறது என்று தெரிந்தால்தானே அந்தச் சுழற்சிக்கு மதிப்பு! ஒரு சின்னத் திருத்தம்: 1895 ‘ஸ்வான் லேக்’ பாலே என்றதும் தட்டையான டூட்டூவைக் கற்பனை செய்கிறோம். லென்யானியின் புகைப்படங்களில் பாவாடை மணி வடிவில் முழங்காலை ஒட்டி இறங்கியிருக்கும். இடுப்பிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு 20-ஆம் நூற்றாண்டுச் சமாசாரம்.

தட்டையானதிலும் தொல்லை உண்டு. வளையம் வைத்தால் ஒரு பக்கம் இடித்தால் மறுபக்கம் எழும்பும். துணையாக ஆடும் ஆணுக்கு அவள் பாதம் தெரியாது. கைகளை நீட்டி இடுப்பைப் பிடித்து, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையாலேயே உணர வேண்டும். நடன அமைப்பாளர் பாலன்ஷின் அமைத்த ‘சிம்பொனி இன் சி’ படைப்பின் முடிவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே மேடையில் நிற்பார்கள். அத்தனை தட்டுகளை அங்கே நிறுத்தினால் என்ன ஆகும்? 1950-ல் நியூயார்க் சிட்டி பாலே குழுவுக்காக உடை வடிவமைப்பாளர் பார்பரா கரின்ஸ்கா வளையத்தையே தூக்கி எறிந்தார். அடுக்குகளைக் குறைத்து, தளர்வாகப் பிணைத்து, தானாகச் சற்றே சரியும்படி தைத்தார். ‘பவுடர் பஃப்’ என்று பெயர். என்னைக் கேட்டால் டூட்டூ வரலாற்றில் மிகக் கெட்டிக்காரத்தனமான தையல் இதுதான். ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே.

டூட்டூ போட்டபின் சாய்ந்து உட்கார முடியாது. கழற்றியதும் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் அடுக்குகள் தொய்ந்துவிடும். மெஷினில் போட்டுத் துவைக்க வழியில்லை. வியர்வை வாடை போக ரவிக்கைப் பகுதியின் உள்பக்கம் வோட்கா தெளிப்பது நாடகக் கம்பெனிகளில் சகஜம். முதுகில் கொக்கிகள் பல வரிசை இருக்கும், ஒரே உடையை வெவ்வேறு உடல்வாகுள்ளவர்கள் போட்டுக்கொள்ள.

நேரில் பார்க்க வாய்த்தால் ஒரு யோசனை. ‘ஸ்வான் லேக்’ போன்றவற்றுக்கு மேல்மாடியின் மலிவான இருக்கையே போதும்; வெள்ளை வட்டங்கள் வரிசை மாறும் கோலம் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். ஆனால் காலைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கீழே உட்காருங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அந்தத் தட்டே காலைப் பாதி மறைத்துவிடும்.