வாய் திறந்து கேள்

அன்புள்ள அக்கா,

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தேன். கட்-ஆஃப் 200க்கு 168. பொறியியல் கலந்தாய்வில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறார், அம்மா வயல் வேலைக்கு.

அடுத்த மாதம் வகுப்பு தொடங்குகிறது. சந்தோஷத்தை விடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில் நடத்துவார்களாம். நகரத்துப் பிள்ளைகள் முன்னால் நான் பேசினால் சிரிப்பார்களோ என்று தோன்றுகிறது. அம்மா தினமும் ஒன்றையே சொல்கிறார்: "யார்கிட்டயும் எதுவும் பேசாத, வாய மூடிக்கிட்டு படிச்சிட்டு வா." அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். இந்த ஒரு மாதத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி)

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வாழ்த்து. நன்றாகப் படித்து வாங்கிய இடம் அது. 7.5 ஒதுக்கீட்டில் வந்தவள் என்று அங்கே யாராவது ஒரு மாதிரி இழுத்துச் சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே. டியூஷன் இல்லாமல், வீட்டில் படிக்கத் தனி அறை இல்லாமல் வாங்கிய 168 அது. வகுப்பு தொடங்கி ஒரு மாதம் போனால் யாருடைய கட்-ஆஃபும் யாருக்கும் நினைவிருக்காது.

உன் கடிதத்தில் அம்மா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1992இல் நான் ஊரைவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பியபோது என் அம்மாவும் பேருந்து நிலையத்தில் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் வம்பு வராது என்று நம்பியவர். அவர் பார்த்த உலகத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். நான் அந்தச் சொல்லை அப்படியே கடைப்பிடித்தேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். என்னிடம் போன வருடத்து வருமானச் சான்றிதழ் இருந்தது. அது செல்லுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று தெரியவில்லை. கேட்க வேண்டியது அந்த ஒரே கேள்விதான். அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே ஐந்தாறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் கேட்பது, சார் என்று ஆரம்பிப்பதா, வணக்கம் சொல்வதா, ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றேன். மணி அடித்தது, வகுப்புக்கு ஓடிவிட்டேன். மறுநாளும் போய் நின்றேன். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் போர்டில் அந்தத் தாள் இல்லை. அந்த வருடப் பணம் போயிற்று. விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்காக அப்பா இரண்டு ஆடுகளை விற்றார். பணம் ஏன் வரவில்லை என்பதைக் கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

அதனால்தான் உனக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த ஒரு மாதத்தில் நீ பழக வேண்டியது கேட்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

பள்ளியில் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். டீச்சர்தான் நம்மைத் தேடி வந்து கேட்பார். நோட்டு முடித்தாயா, ஒரு மார்க் கேள்வி படித்தாயா, ஸ்பெஷல் கிளாசுக்கு ஏன் வரவில்லை என்று. ஒரு நாள் போகாவிட்டால் தெருவில் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்கள். கேட்கப்படுவதற்குப் பழகியிருக்கிறோம், நாமாகப் போய்க் கேட்டுப் பழக்கமில்லை. கேள்வி கேட்காத பிள்ளைக்குத்தான் நல்ல பிள்ளை என்று பெயரும் கிடைத்தது. கல்லூரியில் யாரும் உன்னைத் தேடி வர மாட்டார்கள். அக்கறை இல்லாமல் இல்லை, அந்த இடம் நடக்கிற முறையே வேறு. ஒரு தாளுக்கு ஐந்து யூனிட், வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதற்குள் அவர்கள் நடத்தி முடிக்க வேண்டும். "எனி டவுட்?" என்பார்கள். இரண்டு நொடி காத்திருந்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

அந்த இரண்டு நொடியில் எழுந்து நின்று கேட்கச் சொல்லி உன்னை நான் வற்புறுத்தவில்லை. முதல் செமஸ்டரில் அது யாருக்கும் சுலபமில்லை. வகுப்பு முடிந்ததும் நோட்டோடு மேசைப் பக்கம் போ. "புரியலை சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. "இந்த மூணாவது வரியிலிருந்து நாலாவது வரி எப்படி வந்தது?" என்று விரலை வைத்துக் காட்டு. தமிழிலேயே கேள். கோவையில் உனக்கு வகுப்பெடுக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்களாகத்தான் இருப்பார்கள், அவர்களிலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இருக்கலாம். விரல் வைத்துக் கேட்கிற பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார்.

இதற்கு இப்போதே பயிற்சி எடுக்கலாம். இ-சேவை மையத்துக்கோ வங்கிக்கோ போக வேண்டியிருந்தால் அப்பாவையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ பேசச் சொல்லாமல் நீயே கவுண்டரில் பேசு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நான்கைந்து தடவையில் சரியாகிவிடும்.

சரி, ஆங்கிலத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

உனக்கு இயற்பியல் தெரியும். கணக்கும் தெரியும். தெரியாதது அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மட்டும்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். மின்தேக்கி என்று நீ படித்ததைத்தான் அங்கே கெப்பாசிட்டர் என்பார்கள். மின்தூண்டி இண்டக்டர். குறைகடத்தி செமிகண்டக்டர், இ.சி.இ. துறைக்கே அஸ்திவாரம் அது. அணி என்பது மேட்ரிக்ஸ், அணிக்கோவை டிட்டர்மினன்ட், வகையிடல் டிஃபரன்சியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தானே? பொறியியல் முதலாண்டுக் கணக்கிலும் அணிகள் வரும், வகையிடலும் தொகையிடலும் வரும். நீ ஏற்கெனவே நடந்து பழகிய பாதைதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு மொழியில் இருக்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று உண்டு, காசும் செலவில்லை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் ஒரே புத்தகம்தான். அதே பாடம், அதே படம், அதே கணக்கு. மொழி மட்டும்தான் வேறு. ஆங்கிலவழிப் புத்தகங்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் ஆங்கிலவழியில் முடித்த பிள்ளையிடம் வாங்கிக்கொள். உன் தமிழ்ப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வை. தமிழில் ஒரு பத்தி படி, அடுத்து ஆங்கிலத்தில் அதே பத்தி. பொருள் உனக்கு முன்பே தெரியும் என்பதால் வாக்கியம் தானாகப் பிடிபடும், அகராதி அதிகம் தேவைப்படாது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். இயற்பியலில் மின்சாரம் தொடர்பான பாடங்களும் குறைகடத்திப் பாடமும், கணக்கில் அணிகள், வகையிடல், தொகையிடல். ஒரு மாதத்துக்கு இது தாராளம். ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதிக்கொண்டே வா. அந்த நோட்டை முதலாண்டு முழுக்கப் பையில் வைத்திரு.

அப்புறம், படித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார். கண்ணுக்குப் பழகிய சொல் வாய்க்குப் பழக வேண்டும். சமையல் நடக்கும்போது அம்மாவிடம் மின்தேக்கி என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் சொல்லு, பிறகு அதையே தமிழில் சொல்லு. அம்மாவுக்குப் புரிகிறபடி தமிழில் சொல்ல முடிந்தால் உனக்குப் பாடம் தெரியும் என்று அர்த்தம். யாராவது சிரிப்பார்களா என்று கேட்டிருந்தாய். ஒருவர் இருவர் சிரிக்கலாம். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது வலிக்கும். ஆனால் உன்னைப் போலவே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அதே வகுப்பில் பலர் இருப்பார்கள். முதல் வாரமே அவர்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக்கொள். விடுதியில் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம்.

போனவுடன் விசாரிக்க வேண்டியது விதிமுறை. பள்ளியில் 35 எடுத்தால் தேர்ச்சி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி மொத்தத்தில் 50 வேண்டும். எழுத்துத் தாளில் இண்டர்னலுக்கு, அதாவது செமஸ்டர் நடுவில் கல்லூரியே வைக்கும் தேர்வுகளுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 என்று பிரித்திருக்கிறார்கள். வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். உன் கல்லூரி தேர்வைத் தானே நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும், விதிமுறைகளும் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றன, அதனால் உன் பேட்சுக்கு எது என்று வகுப்புக்குப் பொறுப்பான டியூட்டரிடம் கேட்டு எழுதிக்கொள். இண்டர்னல் தேர்வைச் சின்னத் தேர்வு என்று விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் மொத்தமாகப் படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் அரியர் விழுகிறது, அதாவது தோற்ற தாளை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. பப்ளிக் தேர்வுக்குத் தயாரான பழக்கம் அது, இங்கே உதவாது.

பண விஷயம். 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்து நடைமுறைப்படுத்தி வருகிறார்கள். கல்லூரியில் ஏதாவது தொகை கேட்டால் பதறாமல், அது எதற்கான கட்டணம், ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கும் உண்டா என்று கேள். கட்டினால் ரசீது வாங்கு. நீ புதுமைப் பெண் திட்டத்துக்கும் தகுதியானவள், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்று முதல் வாரமே விசாரி. உன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து, அசலைக் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வை. எந்தெந்த அசலைக் கொடுத்தாய் என்பதையும் குறித்துக்கொள்.

உன் அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். நம் ஊர்த் தாய்மார் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 1997இல் தமிழ்நாடு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. யாராவது தொந்தரவு செய்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அம்மாவின் போனிலும் அதைப் பதிந்து வை. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆபத்துதான் அதிகம், அதை அம்மாவுக்குச் சொல்லு. பாடத்தில் மட்டுமல்ல, மனது தாங்க முடியாமல் போகிற நாளிலும் பேச வேண்டும். 14416 என்று ஒரு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

விடுதியில் முதல் இரண்டு வாரம் அழுகை வரும். சாப்பாடு பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எந்த முடிவும் எடுக்காதே.

கடைசியாக ஒரு வேலை. வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு நாள், முடிந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சேலம் வழியாகக் கோவைக்குப் போய் வா. ஒரு நாள் கூலி போகும், தெரியும். ஆனாலும் போய் வா. காந்திபுரத்தில் இறங்கி அங்கிருந்து எந்த டவுன் பஸ் கல்லூரிப் பக்கம் போகிறது என்று நீயே விசாரி. விடுதியை அம்மாவுக்குக் காட்டு. அப்புறம் அலுவலகத்துக்குப் போ. வாசலில் நிற்காதே, உள்ளே போ. சேரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும், புதுமைப் பெண் விண்ணப்பம் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு கேள்வி போதும். அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும், நீ கேள்.

அன்புடன்,
அக்கா