போத்தல் மூடியும் ஒரு மூச்சும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 38. கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை நாலரைக்கு எழும்பினால்தான் புட்டும் சம்பலும் செய்து, மகனைப் பாடசாலை வானில் ஏற்றிவிட்டு நானும் பஸ் பிடிக்கலாம். மகன் தரம் 5, இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பின்னேரம் வந்தால் மாதிரி வினாத்தாள், மாமிக்கு மருந்து, அப்புறம் சமையல்.

போன செவ்வாய் வான் கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறது, மகனின் தண்ணீர்ப் போத்தல் மூடியைக் காணவில்லை. "உனக்கு ஒன்றையும் ஒழுங்காக வைக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். அவன் அழவில்லை. சப்பாத்தையே பார்த்தபடி படியிறங்கினான். பார்த்தால், மூடி என் கையில்.

அன்று முழுக்க "நீயெல்லாம் ஒரு தாயா" என்றுதான் மனதில் ஓடியது. போனில் தியானச் செயலி ஒன்று போட்டேன். பத்து நிமிடம் கண்ணை மூடி இருக்க வேண்டுமாம். மூன்றே நாள். அதுவும் முடியவில்லையே என்று இப்போது இன்னொரு கவலை.

ஒரு தாய்

அன்புச் சகோதரி,

மூடி உங்கள் கையில் இருந்தது என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள் நான்.

மகனுக்கு ஏசியது அரை நிமிடம். உங்களுக்கு நீங்களே ஏசியது ஒரு நாள் முழுக்க. யாராவது ஏசினால் நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும். ஏசுவது நம் மனம்தான் என்றாலும் அப்படியே. களைப்பின் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

செயலியை விடுங்கள். 1979இல் அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய மனக்கவனப் பயிற்சி எட்டு வாரம், தினமும் முக்கால் மணி நேரம் வரை. நல்லதுதான், ஆனால் நாலரைக்கு எழும்புகிறவருக்கு இப்போது அது இன்னொரு வீட்டுப்பாடம். சின்னதாக ஒன்றை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் கொளுவுங்கள். காலையில் கேத்தில் கொதிக்கும் வரை சும்மா நில்லுங்கள். காலுக்குக் கீழே தரையின் குளிர் தெரிகிறதா? மூச்சை இழுங்கள், இழுத்ததை விட மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், அது உடம்பின் இயல்பு. நாலைந்து மூச்சு போதும். நடுவில் வான் ஞாபகம் வந்தால் வரட்டும், திரும்பக் காலடிக்கு வாருங்கள். கரையோர ரயில் சத்தம் வீட்டுக்குக் கேட்குமென்றால், அது கடந்து போகும் வரை கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை.

அடுத்தது அந்த "நீயெல்லாம் ஒரு தாயா". கந்தோரில் ஒரு தோழி இதே மூடிக் கதையைச் சொன்னால் அப்படியா கேட்பீர்கள்? "விடு, பின்னேரம் பிள்ளையோடு கதை" என்பீர்கள். அதை உங்களுக்கும் சொல்லுங்கள். தன்மீதான பரிவை ஆராய்ந்த கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்றைச் சேர்க்கிறார்: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நடப்பது என்ற நினைவு, வேதனையைப் பெருப்பிக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. இப்படி இருந்தால் பொறுப்பில்லாமல் போய்விடுவோமோ என்று பலர் என்னிடம் பயப்படுகிறார்கள். நான் கண்டது மறுபக்கம். குற்ற உணர்வில் புதைந்திருப்பவருக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராது. மகனிடம் இன்றே, "மூடி அம்மாவின் கையில்தான் இருந்தது, உன்னில் பிழையில்லை" என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

ஒன்று உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் வேறு யாருடைய கையும் இல்லை. கணவர் வீட்டில் இருக்கிறார் என்றால், மாமியின் மருந்து அவருடைய அம்மாவின் மருந்து. இல்லையென்றால் கிழமையில் இரண்டு நாள் இடியப்பம் கடையில் வாங்குங்கள், வெள்ளவத்தையில் அதற்கா பஞ்சம்? மூச்சு வேலையைக் குறைக்காது.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.