கம்ப்யூட்டர் கேள்வி பதில்: 95 டிகிரி காட்டுற கூலர் டூப்ளிகேட்டா?

கேள்வி: அண்ணே வணக்கம். லோ யாட் பிளாசாவுல ரெண்டு ஃபேன் வச்ச டவர் கூலர் ஒன்னு வாங்கி என் ரைசன் 7 7700எக்ஸ் சிப்புல மாட்டினேன். சிப்ப முழுசா வேலை வாங்குற சினிபெஞ்ச் டெஸ்ட் ஓட்டுனா 95 டிகிரி காட்டுது, சத்தம் ஹால் வரைக்கும் கேக்குது. யூடியூப்ல அதே கூலருக்கு ரொம்ப கம்மியா வருது. எனக்கு டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: தம்பி, 95ஐப் பாத்து பயப்படாதீங்க. ரைசன் 7000 சீரிஸ் எக்ஸ் சிப்ப ஏஎம்டி கம்பெனி அப்படித்தான் செஞ்சிருக்காங்க, 95 டிகிரிய தொடுற வரைக்கும் அது கிளாக்க, அதாவது சிப்போட ஸ்பீட, ஏத்திக்கிட்டே போகும், நீங்க இன்னும் நல்ல கூலர் போட்டாலும் டிகிரி எறங்காம ஸ்பீடு கூடலாம். அதனால மொதல்ல பவர கட்டிப்போடுங்க. பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ள போற செட்டிங் மெனு) எக்கோ மோட்னு பவர் கொறைக்கிற செட்டிங்க 65 வாட்ல வச்சா, பேருல 65 இருந்தாலும் சிப் 88 வாட் வரைக்கும் இழுக்கும், அதுக்கு மேல இழுக்காது, அப்பதான் கூலரோட யோக்கியதை தெரியும்.

அடுத்தது ரூம் சூடு, இதத்தான் நம்ம ஊருல முக்காவாசி பேரு கணக்குல எடுக்கறதே இல்ல. வெளிநாட்டுக்காரங்க 21, 22 டிகிரி ரூம்ல வச்சு டெஸ்ட் பண்றாங்க, நம்ம வீட்டுல மத்தியானம் ஏர்கோன் போடலன்னா 32. ரூம் பத்து டிகிரி ஏறுனா சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும், கூலர் மேல தப்பு கெடையாது. அதனால சிப் சூட்டுல ரூம் சூட்ட கழிச்சு வர்ற வித்தியாசத்த மட்டும் எழுதி வைங்க. என் மெஷின்லயே பாத்தேன், மத்தியானம் ரூம் 32 சிப் 80, ராத்திரி ஏர்கோன் போட்டு ரூம் 24 சிப் 72, ரெண்டுலயும் வித்தியாசம் 48தான். தெர்மாமீட்டர செவுத்துல மாட்டாதீங்க, கேசிங் முன்னாடி காத்து உள்ள போற எடத்துல வைங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடாதீங்க, கேசிங்குள்ள காத்து சூடாகவே நேரம் புடிக்கும், இருவது நிமிஷமாவது ஓட்டி கடைசி அஞ்சு நிமிஷ சராசரிய எடுங்க.

சத்தத்துக்கு வருவோம். ஃபுல் ஸ்பீடுல ரெண்டு கூலர ஒப்பிடறது நியாயமே இல்ல, கத்திக்கிட்டு சுத்துற ஃபேன் நாலு டிகிரி கொறைச்சா அதுல என்ன பெருமை இருக்கு? ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு எறக்கி வச்சுட்டு அப்புறம் சூட்டப் பாருங்க. ஃபேன் 1500 ஆர்பிஎம்லேருந்து (நிமிஷத்துக்கு 1500 சுத்து) 1000க்கு எறங்குனா சத்தம் சுமாரா 9 டெசிபல் கொறையும், பத்து டெசிபல் கொறைஞ்சாலே காதுக்கு பாதி சத்தமாத்தான் தெரியும், ஆனா என் மெஷின்ல அதுக்கு ஏறுன சூடு வெறும் 3 டிகிரி. இவ்வளவு லாபமான வியாபாரம் கம்ப்யூட்டர்ல வேற எதுலயும் எனக்கு கெடைச்சதில்ல. ஃபோன் ஆப் காட்டுற டெசிபல அப்படியே நம்ப முடியாது, ஆனா அதே ஃபோன அதே எடத்துல ஒரு மீட்டர் தூரத்துல வச்சு எது கூட எது கம்மின்னு பாக்கலாம். சீலிங் ஃபேன், ஏர்கோன் எல்லாத்தையும் அடைச்சுட்டு ராத்திரி ஒரு மணிக்கு மேல பண்ணுங்க, மழை பெய்யாத நாளா பாத்துக்குங்க. ஏர்கோன அடைச்சா ரூம் சூடாகிடும்ல, அதனால சூடு டெஸ்ட்டையும் சத்தம் டெஸ்ட்டையும் தனித்தனியா வச்சுக்குங்க.

ஃபேன் ஏறி ஏறி எறங்குற சத்தம்தான் உங்களுக்கு தொல்லைன்னா பயாஸ்ல ஃபேன் கர்வுக்கு (எவ்வளவு சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு ஸ்பீடுங்கற செட்டிங்) சில செகண்ட் தாமதம் குடுங்க, சிப் சூடு திடீர்னு குதிச்சாலும் ஃபேன் கூடவே குதிக்காது.

டூப்ளிகேட்டுன்னு கடைக்கு போறதுக்கு முன்னாடி கூலர கழட்டி அடியில இருக்கிற பிளாஸ்டிக் பேப்பர உரிச்சீங்களான்னு பாருங்க, ரெண்டு ஃபேனும் ஒரே பக்கமா காத்து தள்ளுதான்னும் பாருங்க. திருப்பி மாட்டும்போது சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற பழைய பேஸ்ட்ட தொடைச்சு புதுசு வைக்கணும், ஸ்குரூவ ஒன்னு மாத்தி ஒன்னு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும்.

கேள்வி: அண்ணா, கூலர் மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப சத்தம் கூடிடுச்சு. பேஸ்ட் மாத்தணுமா?
(வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: மொதல்ல தூசிம்மா. கரண்ட்ட அடைச்சுட்டு, ஃபேன் சுத்தாம வெரலால புடிச்சுக்கிட்டு கூலரோட மெல்லிசு தகடுங்க (ஃபின்) நடுவுல காத்தடிங்க. அப்புறம் அதே 1000 ஆர்பிஎம்ல வச்சு கேளுங்க, கரகரன்னு வந்தா பேரிங் போயிடுச்சு, ஃபேன் மட்டும் வாங்கி மாட்டுனா போதும். சத்தம் சுத்தமா இருந்து சூடு மட்டும் கூடியிருந்தாத்தான் பேஸ்ட்.