பார்க்க முடியாத விண்கல் மழையை நான் கேட்டிருக்கிறேன்

"பகலில் விண்கல் மழை பெய்கிறது என்கிறார்கள். வெயிலில் அதைப் பார்க்கவே முடியாதே, பெய்து யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டிசம்பரில் ஜெமினிட்ஸ் என்ற விண்கல் மழையைப் பார்க்க மாடி ஏறி, மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இறங்கியவன்தான். ஆனால் "என்ன லாபம்" என்றதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாது, சரி. காதுக்குக் கேட்கும்.

2019 ஜூன் 8. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டு மொட்டை மாடி, காலை ஐந்தரை மணி. அப்பாவின் பழைய ரேடியோவில் எஃப்.எம். போட்டு, எந்த நிலையமும் வராத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தினேன். வெறும் இரைச்சல். கால் மணி நேரம் கழித்து அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தெலுங்கில் இரண்டே வார்த்தை. உடனே மறுபடி இரைச்சல். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏழரை மணிக்குள் நோட்டில் 47 கோடு போட்டிருந்தேன். சிலது பாட்டின் ஒரு துணுக்கு, பெரும்பாலும் ஒரு 'டப்'.

நடப்பது இதுதான். எரிகல் ஏறத்தாழ 80 முதல் 100 கி.மீ. உயரத்தில் எரியும்போது, அது போன தடத்தில் காற்று அயனியாகிறது, அதாவது மின்னூட்டம் பெறுகிறது. அந்தத் தடம் கலையும்வரை, நமக்கு எட்டாத தூரத்து நிலையத்தின் அலை அதில் பட்டுத் தெறித்து நம்மிடம் வருகிறது. வெயிலும் மேகமும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகல் மழைகளைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். 1947-இல் இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்கில் பெர்னார்ட் லவல் குழுவினர், போர் முடிந்து மிஞ்சிய ராணுவ ரேடாரை வைத்துப் பிடித்தார்கள். அவற்றில் பெரியது ஏரியெட்டிட்ஸ், ஜூன் 7 வாக்கில் உச்சம். அது புறப்படுவதுபோல் தெரியும் மேஷ விண்மீன் கூட்டம் அப்போது சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்பதால்தான் பகலில் பெய்கிறது.

"அது எரிகல் இல்லை, மேலே மின்னூட்டம் பெற்ற காற்று இருக்கும் அயனி மண்டலத்தில் அவ்வப்போது திட்டாக உருவாகி, ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் ஈ அடுக்கு" என்று யாராவது வருவீர்கள். அது எனக்கும் தெரியும். அது வந்தால் நிலையம் நிமிடக்கணக்கில் நிற்கும், நான் எண்ணியவை ஒரு நொடிகூடத் தாண்டாதவை. 47-ம் ஏரியெட்டிட்ஸ் என்றும் நான் சொல்லவில்லை, எந்த மழையையும் சேராமல் தினமும் விழும் உதிரி எரிகற்களும் அதில் உண்டு. ஜூலை நடுவில் அதே மாடி, அதே நேரம், அதே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். 16 கோடுதான்.

அந்த ரேடியோ போன வருஷம் பேசாமல் போய்விட்டது. டவுனில் மூன்று கடை ஏறினேன். திறந்துகூடப் பார்க்காமல், தூக்கிப் போட்டுவிட்டு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கச் சொன்னார்கள். புதுப் போனில் எஃப்.எம்.மே இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களை எல்லாம் என்ன செய்தோம் என்று கோபமாக வருகிறது.

உங்கள் வீட்டில் முள் நகர்த்தும் ரேடியோ இருந்தால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஜூன் 5-லிருந்து 10-க்குள் ஒரு நாள் விடியலில், ரேடியோவில் இரைச்சல் கிளப்பும் வீட்டு எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், முதல் குரல் வரக் கொஞ்சம் நேரமாகும்.